உப்புப் பார்க்க இன்னொரு நாக்கு

திருப்பதியில் அலிபிரிக்குப் போகும் சாலையில் ஒரு லாட்ஜில் நான் மேனேஜர். கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பமொன்று அறை கேட்டு நின்றது. மொட்டைத் தலைகளில் சந்தனம் இன்னும் காயவில்லை. ஆதார் கார்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. என் சகலை முனிரத்தினத்தின் மகள் ஜமுனா. அவள் அந்த நேரத்தில் கூப்பிட்டால் அப்பாவுக்காகத்தான் கூப்பிடுவாள். "நைனா ஏலக்கா வாங்கிக்கினு வரச் சொன்னாரு சித்தப்பா" என்பாள். அன்றைக்கு "நைனா" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அழுகைதான் கேட்டது.

நகரியில் தறிக்கொட்டகைக்குக் கிளம்பியவர், செருப்பு மாட்டக் குனிந்திருக்கிறார். நிமிரவில்லை. மாரடைப்பு என்றார்கள். கவுண்டரில் நின்றவர் "ரூம் உந்தா லேதா?" என்று என்னைத் தெலுங்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். அறை இருக்கிறது என்று சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

முனிரத்தினத்தைத் தெரிந்தவர்கள் நகரியிலும் பிச்சாட்டூரிலும் நிறையப் பேர். அவர் தறி ஓட்டுகிறவர் என்று சிலருக்குத் தெரியும். வாய் ஓயாதவர் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் கைச் சமையல் உங்களில் பலருக்கு ஒரு வாயாவது கிடைத்திருக்கும். ஆனால் வருஷா வருஷம் அந்த மனிதரோடு ஒரே அடுப்பங்கரையில் மாட்டிக்கொண்டு முழித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே இதை நான் எழுதுவதே நியாயம்.

நாங்கள் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். தேசம்மாள் அவருக்கு, லலிதா எனக்கு. மாமியார் வீடு பிச்சாட்டூர். பொங்கலுக்கு இரண்டு குடும்பமும் அங்கேதான். மறுநாளான மாட்டுப் பொங்கலை எங்கள் பக்கம் கனுமா என்போம். அன்றைக்கு நாட்டுக்கோழிக் குழம்பும் உளுந்து வடையும் இல்லாத வீடு கிடையாது. மாமியார் வீட்டில் மாப்பிள்ளை என்றால் உற்சவர் மாதிரி. படைத்ததைச் சாப்பிட வேண்டும், எழுந்து நடமாடக் கூடாது. எனக்கு அந்த உத்தியோகம் மிகவும் பிடித்திருந்தது. அது ஒரே ஒரு பொங்கலுக்குத்தான் நீடித்தது.

அடுத்த வருஷம் போகிக்கு வீடு கழுவும்போது அத்தை வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டார். புத்தூருக்கு அழைத்துப்போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம். தேசம்மாள் கைக்குழந்தை ஜமுனாவோடு திண்டாடினாள். லலிதா மசக்கை, தாளிக்கிற வாசனை பட்டாலே வெளியே ஓடினாள். கனுமா அன்று காலை கூடைக்குள் கோழி மட்டும் கவலையில்லாமல் கூவிக்கொண்டிருந்தது. முனிரத்தினம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக அடுப்பங்கரைக்குள் போனார். கல்யாணத்துக்கு முன்னால் வெளியூர்த் தறிக்கொட்டகையில் வேலை செய்தபோது, அறையிலிருந்த ஆட்களுக்கெல்லாம் பொங்கிப் போட்ட கை அது.

மாமா பதறிப்போனார். "மாப்ள, நீங்க உள்ள பூந்தா ஊர்ல இன்னா சொல்வாங்க?"

"கேட்டா உங்க பொண்ணு செஞ்சான்னு சொல்லுங்க மாமா. துன்னும்போது அவங்களுக்கே தெரிஞ்சிடும்."

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலில் போய்க் கட்டிலில் படுத்துவிட்டார். முனிரத்தினம் என் பக்கம் திரும்பினார். "இன்னா சகல, சாமி மாரி குந்திக்கினு கீற? எழுந்து வா, வெங்காயம் உரி."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வெங்காயத்தால் அழுகிறேனா, போன மரியாதைக்காக அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இவர் ஒருவர் செய்தால் போதாதா, என்னை ஏன் இழுக்கிறார் என்று மனதுக்குள் பொருமிக்கொண்டே உரித்தேன். குழம்பு கொதி வந்ததும் உப்பைப் போட்டார். போட்டவர் ருசி பார்க்கவில்லை. ஒரு கரண்டி குழம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"மாமா, கைய நீட்டுங்க. உப்பு பாருங்க."

மாமா அசையவில்லை. முனிரத்தினமும் அசையவில்லை. கடைசியில் மாமா கையை நீட்டி, நக்கிப் பார்த்து, எங்கோ பார்த்துக்கொண்டு, "இன்னும் ஒரு கல்லு போடு" என்றார். அதோடு ஊர் என்ன சொல்லும் என்ற பேச்சு அந்த வீட்டில் எழவில்லை. வடையைக் குழம்பில் முக்கி வாயில் வைத்தபோது என் கோபமும் போய்விட்டது.

"உப்பு போட்டவன் நாக்க நம்பக்கூடாது சகல. போட்டவனுக்கு எப்பவும் சரியாத்தான் தெரியும்" என்பார். ஒவ்வொரு கனுமாவுக்கும் அவர் உப்புப் பார்க்க ஒரு நாக்கைத் தேடிப்போவார். பெரும்பாலும் என் உள்ளங்கைதான் சூடுபடும். ஆனால் வீட்டில் யாராவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் கரண்டி அவர்களைத் தேடித்தான் போகும். அவர் இதைத் தெரிந்து செய்தாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பெருமையடித்துக்கொண்டே பொழுதைக் கழித்திருப்பார்.

சில வருஷங்கள் கழித்து மாமா காலமானார். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. வடை, முறுக்கு, அதிரசம் எதுவும் பொரிக்கக் கூடாது. அந்தக் கனுமாவுக்கு "வந்து கொழம்பும் சோறும் துன்னுட்டுப் போங்க, வேற ஒண்ணும் கெடையாது" என்று அத்தை சொல்லியனுப்பினார். குழந்தைகள் வடை இல்லாத இலையை வெறித்துப் பார்க்கப்போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே போனேன். முனிரத்தினம் ஒரு பழைய குக்கரையும் ஒரு சாக்குப்பையையும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். பையில், வரும் வழியில் அள்ளிய ஆரணி ஆற்று மணல். குக்கருக்குள் மணலைப் போட்டு, மூடியிலிருந்து ரப்பரையும் விசிலையும் கழற்றிவிட்டு, மணல்மேல் மாவுப் பாத்திரத்தை வைத்தால் கேக் வெந்துவிடும் என்று எங்கேயோ பார்த்திருக்கிறார். மைதாவுக்குப் பதில் ராகி மாவு, சர்க்கரைக்குப் பதில் வெல்லம்.

"இதெல்லாம் செய்யலாமா மாப்ள?" என்று அத்தை இழுத்தார்.

"எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. மணல் சட்டி வைக்கக்கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

அத்தை அடுப்பை ஒழித்துக் கொடுத்தார். சாஸ்திரத்திடம் அதற்குப் பதில் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மணலிடம் இருந்தது. ஏரியில் தண்ணீர் திறந்துவிட்ட சமயம் ஆற்றில் அள்ளிய மணல் அது, சொதசொதவென்று ஈரம். கஞ்சி போட்ட நூலைக் காயவைக்காமல் தறியில் ஏற்றாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர் மணலைக் காயவைக்க மறந்துபோனார். குக்கருக்குள் ஆவி கிளம்பி, கேக் இட்லியாகப் போய்விட்டது. கறுப்பாக, கனமாக, தட்டில் போட்டால் 'தொம்' என்று சத்தம். நான் சிரித்த சிரிப்பில் அவர் மணலை என் தலையிலேயே கொட்டப் பார்த்தார்.

மாமா போன நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாமலிருந்த அத்தைதான் அதை ஒரு விள்ளல் பிய்த்து, கோழிக்குழம்பில் முக்கி வாயில் போட்டார். நாங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மென்றார். இன்னொரு விள்ளல் பிய்த்தார்.

"நல்லாத்தான் கீது மாப்ள. இது பேரு இன்னா?"

"கேக்கு அத்த."

"அப்படிச் சொல்லாத. வடன்னே சொல்லு, துன்னுட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு அத்தை சிரித்தார். அந்த வீடு அவர் சிரிப்பைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. மறுவருஷம் எண்ணெய்ச் சட்டி திரும்பி வந்தது, வடையும் வந்தது. ஆனாலும் குழந்தைகள் கேக்கை விடவில்லை. மணலைச் சலித்து, வாணலியில் போட்டு, கை சுடச்சுட வறுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. இனிப்புக் கம்மியாகப் போட்ட ராகி கேக்கை நாட்டுக்கோழிக் குழம்பில் முக்கித் தின்பதுதான் எங்கள் கனுமா என்றாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நீட்டுவார்கள்.

ஜமுனா படித்து, புத்தூரில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்ததும், முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு ஓவன் வாங்கிக் கொடுத்தாள். திருப்பதியில் வாங்கிய அதை, பொங்கலுக்குப் போகும் கூட்டத்தில், பிச்சாட்டூர் வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கண்டக்டர், "ஏந்தி பெத்தாயனா அதி, டிவியா?" என்று மடியைக் காட்டிக் கேட்டார்.

"காது பாபு, மா இன்ட்டிகி ஒச்சின கொத்த அல்லுடு" என்றார் இவர். எங்கள் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையாம். பஸ்ஸே சிரித்தது. புது மாப்பிள்ளையை மேடை போட்டு உட்காரவைத்து, மாவை ஊற்றி, சுவிட்சைப் போட்டோம். கரண்ட் போய்விட்டது. "பாத்தியா சகல, கொத்த அல்லுடு வேல செய்ய மாட்டாரு. நீ போய் மணல வறு" என்றார். கரண்ட் வந்த பிறகு அந்த ஓவனில் அவர் வைக்காத பொருளில்லை. பூசணிக்காய், மீன், ஒருமுறை முறுக்குக்கூட. அந்த முறுக்கைக் கடிக்கப்போய் எனக்குப் பல் வலி வந்தது.

அப்படிப்பட்ட மனிதர் போய்விட்டார். காரியம் முடிந்து, மார்கழி பிறந்ததும் தேசம்மாள் அண்ணி லலிதாவைப் போனில் கூப்பிட்டாள். "இந்த வருசம் யாரும் வராதீங்க. பிச்சாட்டூருக்கு நானும் வர்ல. எண்ணெய்ச் சட்டி வைக்காத வூட்ல உங்களுக்கு இன்னா வேல? கதவ சாத்திக்கினு படுத்துக்கறேன்." போனை வைத்துவிட்டாள். ஜமுனா தனியாக என்னைக் கூப்பிட்டு, அம்மா கஞ்சித்தண்ணியைத் தவிர எதையும் தொடுவதில்லை, பேச்சும் இல்லை என்றாள்.

எனக்குப் பயம் வந்தது. துக்கத்துக்குக் கதவைச் சாத்துகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு பொங்கலுக்குச் சாத்தியது மறுபொங்கலுக்கும் திறப்பதில்லை; அப்புறம் கல்யாணப் பத்திரிகையில்தான் சந்திக்கிறார்கள். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அந்தக் கதி வரக் கூடாது. முக்கியமாக, அண்ணி எழுந்து ஒரு வாய் சோறு சாப்பிட வேண்டும். பண்டிகைக் கூட்டத்தில் மேனேஜர் லீவா என்று லாட்ஜ் முதலாளி கத்தினார். கத்தட்டும் என்று லலிதாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு கனுமா அன்று காலை நகரியில் போய் இறங்கினேன்.

ஜமுனாதான் கதவைத் திறந்தாள். அண்ணி உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அத்தை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். அண்ணி திரும்பவில்லை. நான் லுங்கிக்கு மாறிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனேன். பரண்மேலிருந்து மணல் டின்னை ஜமுனா இறக்கிக் கொடுத்தாள். வருஷக்கணக்கில் வறுபட்டு மணல் கறுத்துப்போயிருந்தது. ஜமுனா ஓவனில் ஒரு கேக் வைத்தாள், நான் மணலில் ஒன்று வைத்தேன். லலிதா வெங்காயம் உரித்தாள்.  அவர் இல்லாத அடுப்பங்கரையில் அத்தனை அமைதி இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை.

குழம்பு கொதி வந்தது. உப்புப் போட்டேன். அதுவரைக்கும் நான் உப்புப் போட்டதே இல்லை, உப்புப் பார்த்ததுதான். போட்ட கை தானாகக் கரண்டியை எடுத்துப் பக்கத்தில் நீட்டியது. பக்கத்தில் ஆளில்லை. ஐயோ சகலை என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பிறகு கரண்டியோடு உள்ளறைக்குப் போனேன்.

"அண்ணி, கைய நீட்டுங்க. உப்பு பாருங்க."

அவள் சுவரைப் பார்த்தே சொன்னாள், "எனக்கு வேணாம். போப்பா."

"போட்டவன் நாக்க நம்பக்கூடாது அண்ணி."

யாருடைய பேச்சு அது என்று அவளுக்குத் தெரியும். தோள் குலுங்கியது. கரண்டியை இன்னும் கிட்டே நீட்டினேன். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு பாயோரத்தில் விழுந்தது.

"கீழ சிந்துது பாரு!" என்று அண்ணி சட்டென்று எழுந்து உட்கார்ந்து, கரண்டிக்கு அடியில் கையை ஏந்தினாள். ஏந்திய கையில் குழம்பு விழுந்தது.  நக்கினாள்.

"உப்பே இல்ல. இத்த எப்படித் துன்றது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, முடியை முடிந்துகொண்டு, என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். உப்பு ஜாடி திறக்கும் சத்தம் கேட்டது. நான் போட்ட உப்பு சரியாகத்தான் இருந்ததென்று ஜமுனா பிற்பாடு ரகசியமாகச் சொன்னாள். அன்றைக்குக் குழம்பு நன்றாகவே கரித்தது.  எல்லாரும் இன்னும் ஒரு துண்டு கேக் கேட்டு வாங்கி முக்கிச் சாப்பிட்டோம். அண்ணியும் சாப்பிட்டாள்.

கிளம்பும்போது அண்ணி மணல் டின்னை என் கையில் கொடுத்தாள். "வறுக்கிறவன் வூட்லயே இருக்கட்டும். அடுத்த கனுமாக்கு பிச்சாட்டூருக்கு எடுத்துக்கினு வந்துடு. நானும் வரேன்" என்றாள்.

டின் இப்போது திருப்பதியில் எங்கள் பரணில் இருக்கிறது. அது அவருடையது, நான் வைத்திருக்கிறேன். என்னுடையதாகவே ஆகிவிட்டது இன்னொன்று உண்டு. இப்போதெல்லாம் வீட்டில் நான்தான் குழம்பு வைக்கிறேன். உப்புப் போட்டதும் கரண்டியை எடுத்துக்கொண்டு, இன்றைக்கு யார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தேடிப் போகிறேன்.