காற்றுப் புகாத வீடு

பள்ளிவாசல்துறையில் யாரிடமாவது அஸீஸாவின் வீட்டுக்கு வழி கேட்டால், "அந்தக் கண்ணாடி ஊடா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கடலைப் பார்த்தபடி மூன்று பெரிய யன்னல்கள். மூன்றுக்கும் முழுக் கண்ணாடி. ஒன்றுகூடத் திறக்காது. திறக்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்று வைப்பித்தவள் அவள்.

அதற்கு அவளிடம் நியாயம் இருந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்து, புத்தளத்தில் ஒரு தென்னங்கிடுகுக் கொட்டிலில் ஒன்பது வருஷம் கிடந்தவள். காற்று அடித்தால் சோற்றில் மண், மழை பெய்தால் பாயில் தண்ணீர். கட்டியவனும் ஒருநாள் போனவன் போனவன்தான். ஆறு வயது மகள் பஸீஹாவைத் தன் கூடப்பிறந்த ராத்தாவிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனாள். பதினொரு வருஷம் யார் வீட்டுக் கண்ணாடியையோ துடைத்தாள். அந்த வீட்டுக்குள் ஏசிக் குளிர். அதனால் கண்ணாடி வெளிப்பக்கம் வேர்க்கும். வெயிலில் நின்று அதைத் துடைக்கும்போதெல்லாம், நானும் ஒருநாள் காற்று நுழையாத வீடு கட்டுவேன் என்று நெஞ்சுக்குள் கறுவிக்கொள்வாள். யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் திரும்பி வந்து, கறுவியபடியே கட்டியும் விட்டாள். பெரிய கெட்டிக்காரிதான்!

ஏசி வாங்கத்தான் வழி இருக்கவில்லை.

வீடு முடிந்த மூன்றாம் வருஷம் பஸீஹா கலியாணம் முடித்துப் புத்தளம் பட்டணத்துக்குப் போய்விட்டாள். அஸீஸா தனியே நின்றாள். இரண்டு தேத்தண்ணிக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தாள். விடியச் சுபஹுத் தொழுகைக்கு முன்னே அடுப்பு மூண்டுவிடும். கூடம் நிறைய ஆவி. மாரி காலத்தில் துணியும் உள்ளேதான் காயும். ஆளோடு ஆள் பேசாத அந்த வீட்டில், சட்டி மூடி தடதடப்பதுதான் சத்தம். சில நாள் அந்த மூடிக்கே, "பொறு, வாறன்" என்று பதில் சொல்வாள்.

கண்ணாடிகள் உள்ளே வேர்த்து ஒழுகின. கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் தேங்கியது. ஓரச் சுவரில் முதலில் மிளகு தூவியதுபோல் சில புள்ளிகள் தெரிந்தன. பிறகு கையகலம் கறுத்தது. பூஞ்சணம்! கடல் காற்று எங்கேயோ சந்து கண்டுபிடித்து ஈரத்தைக் கொண்டுவருகிறது என்று அவள் முடிவு கட்டினாள். ஓரமெல்லாம் பசை வைத்து இன்னும் இறுக்கினாள். வினாகிரி போட்டுத் துடைத்தாள், குளோரின் போட்டுத் தேய்த்தாள், மேலே பெயின்ற் அடித்தாள். பதினைந்து நாளில் பெயின்ற் கொப்பளித்து, கறுப்பு மறுபடி எட்டிப் பார்த்தது.

இதெல்லாம் சுவரோடு போயிருந்தால் பரவாயில்லை. பஸீஹாவுக்குத் தலைப்பிள்ளை வரப்போகிறது. ஊர் வழக்கப்படி பிள்ளை பிறந்து நாற்பது நாளும் தாய் வீட்டில்தான். பதினொரு வருஷம் பக்கத்தில் இல்லாத தாய், இந்த நாற்பது நாளிலாவது மகளுக்குத் தலை துவட்டி, பத்தியம் வைத்து, பிள்ளையை மடியில் போட்டு ஆற வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அதைவிட்டால் அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

ஏழாம் மாதத்தில் பஸீஹா வந்தாள். வந்து கால்மணி நேரமில்லை, இருமல் பிடித்து, நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிட்டது.

"உம்மா, இந்த ஊட்டுல எனக்கே மூச்செடுக்க ஏலாம இரிக்கி. பச்சப் புள்ளய எப்படி வைக்கிற?"

"நான் நல்லாத் தேச்சு, வெள்ளை அடிச்சு வைக்கிறன் மவள்."

"போன முறையும் இதத்தான் சொன்னீங்க."

மகள் கோபமாகச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னதுதான் சுட்டது.

அடுத்த நாளே, வீடு கட்டிய மேசன் பீற்றரைச் சிலாபத்திலிருந்து கூப்பிட்டாள். பீற்றர் கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தார்.

"அக்கா, கடல்ல ஒரு பிழையுமில்ல. இது உங்கட இடியப்ப ஆவி. போக வழியில்லாம இங்கயே குந்திக்கிட்டு இருக்கு. நீங்க பசை வச்சு இன்னும் அடைச்சிருக்கீங்க. வெட்டி, திறக்கிற யன்னல் போடணும்."

"காத்து உள்ளுக்க வரும்!"

"வரத்தானே வேணும்."

"உங்களுக்கென்ன பீற்றர், நீங்க கிடுகுக்குள்ள படுத்தீங்களா?"

அவர் மட்டக்கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கார்த்திகை மழையில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அஸீஸா ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் ஒரு பகல் மடியில் வைத்திருந்தாள். மறுநாள் மருமகனின் தாய் வந்து, "நாப்பதும் எங்கட ஊட்டுலயே கழியட்டும், மனசுல வெச்சிக்காதீங்க" என்று நயமாகச் சொல்லி, முச்சக்கர வண்டியில் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனாள். அஸீஸா பஸ்ஸில் தனியே வந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் பிள்ளைக்கென்று தைத்து, யன்னலோரம் சுருட்டி வைத்திருந்த குட்டி மெத்தையை எடுத்தாள். விரித்தால், நடுவில் கறுப்புப் பூத்திருந்தது. "யா அல்லாஹ், நானே அடைச்சு நானே கெடுத்திட்டனே!" என்று அதை மடியில் வைத்து வாய்விட்டு அழுதாள். அழுது முடிந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு, பீற்றருக்குப் போன் எடுத்தாள்.

ஐந்தாம் நாள் மூன்று யன்னல்களும் திறந்தன. காற்று வந்தது, கூடவே மண்ணும் வந்தது. அவள் மண்ணை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே கூட்டினாள். மாவில் விழாமல் சட்டியைச் சுவர் மூலைக்கு மாற்றினாள். ஆவி வெள்ளையாக வெளியே போவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாள் பின்னேரம் பஸீஹா போன் எடுத்தாள்.

"என்ன உம்மா அந்த இரைச்சல்? வெளியிலயா நிக்கிறீங்க?"

"ஊட்டுக்குள்ளதான் மவள். யன்னல் தொறந்து கிடக்கு."

"எங்கட ஊட்டு யன்னலா?" பஸீஹா நம்பாமல் கேட்டாள். "மழ பெய்யிற சத்தமும் கேக்குதே. மூடுங்க உம்மா, எல்லாம் நனையப் போகுது."

"நனையட்டும். நீ வாறண்டு சொல்லு, மூடுறன்."

"உம்மா..." மகளின் குரல் இறங்கியது. "இன்னும் இருபத்தெட்டு நாள் இரிக்கிதானே. மாமிக்கிட்டக் கேட்டுப் பாக்கிறன்."

பஸீஹா போனை வைத்தாள். கொட்டிலை விட்டு வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அஸீஸாவின் பாயில் மழைத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினாள். யன்னலை மூடவில்லை.