மூன்று கடை மாத்திரை

எங்கள் பக்கத்தில் மருந்துக்கடைக்குப் போகிற யாரும் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டு நான் பார்த்ததில்லை. "ஒடம்பு வலிக்கு ரெண்டு செட்டு குடு" என்பார்கள். கடைக்காரர் மூன்று நான்கு அட்டைகளிலிருந்து மாத்திரைகளை உதிர்த்து, சின்னக் காகிதக் கவரில் போட்டு, வேளைக்கு ஒரு கவர் என்று நீட்டுவார். கவரின் மேல் பேரும் இருக்காது, ஊரும் இருக்காது. வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, ரோஸ் ஒன்று, அவ்வளவுதான் விவரம். காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சு ஏறுகிற ஆட்கள் ஐஸ், டீசல், அரிசியோடு இந்தச் செட்டையும் எடுத்துக்கொண்டுதான் கடலுக்குப் போவார்கள். இந்தக் கடை செட்டு கேட்கும், அந்தக் கடை செட்டு கேட்காது என்று அதற்கும் கட்சி பிரிந்து சண்டை நடக்கும்.

என் வீட்டுக்காரருக்கு லாஞ்சில் வலை இழுக்கிற வேலை. நான் ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். வீடு திருவொற்றியூரில், கடலோரம். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். அந்த வாரம் புதன்கிழமை லாஞ்சு கிளம்ப இருந்தது. ஞாயிற்றுக்கிழமையே அவருக்குக் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்துவிட்டது. பல் டாக்டரிடம் போ என்றேன். போனால் பிடுங்குவான், பிடுங்கினால் ரெண்டு நாள் வேலைக்குப் போகாதே என்பான், அதற்குள் என் இடத்தில் வேறு ஆள் ஏறிவிடுவான் என்று காரணம் சொன்னார். "எக்கேடோ கெட்டுப் போ" என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குக் கிளம்பினேன். கோபம் வந்தால் என் வாயில் நல்ல வார்த்தை வராது. அப்படிச் சொன்னதற்காக அந்த வாரம் முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அவர் சோற்றைத் தள்ளி வைத்தார். புதன்கிழமை காலையில் வாந்தி நிற்கவே இல்லை. வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு சுருண்டு கிடந்தார். துவைக்கப் போட்ட சட்டையில் கைவிட்டால் காலிக் கவர்கள் வந்துகொண்டே இருந்தன.

"இன்னாயா இது, இத்தினி கவரு?"

"மூணு கடையில வாங்கினேன்மே. ஹார்பராண்ட ஒண்ணு, தேரடியாண்ட ஒண்ணு, நம்ம தெருமொனையில ஒண்ணு. ஒண்ணு கேக்கலன்னா இன்னொண்ணு கேக்கும்னு மாத்தி மாத்திப் போட்டேன்."

"எத்தினி போட்ட?"

"எண்ணிக்கினா போட்டேன்? வலி தாங்கல மே."

ஆட்டோ பிடித்து, பக்கத்திலிருந்த நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த டாக்டர் கவர்களைப் பார்த்ததுமே விஷயத்தைப் பிடித்துவிட்டார். வலி மாத்திரை அளவு மீறிப் போயிருக்கிறது, அது கல்லீரலைக் கெடுக்கும், உடனே ஐசியூவில் சேர்க்க வேண்டும் என்றார். ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வெளியே ஒரு பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டும், அதற்குத் தனிப் பணம். ஐசியூவுக்குத் தனி, அதை முறிக்கிற மாற்று மருந்துக்குத் தனி. பணம் கட்டுகிற இடத்தில் முன்பணத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். என் ஒரு வருடச் சம்பளம் அதற்குள் அடங்கிவிடும். என் மேல் சாய்ந்து நின்றவர் என் கையை இறுக்கிப் பிடித்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் வாந்தி வந்துவிட்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் விலை அது. சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான் கூட்டினு போறேன்" என்றேன். சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறேன், என்ன நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல என்று அச்சடித்த தாளை நீட்டினார்கள். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். 

அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ போய்ச் சேருவதற்குள் அவர் இரண்டு முறை வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார். வண்டியிலிருந்து விழாமல் நான் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டேன்.

அங்கே அவசரப் பிரிவில் "மாத்திரை ஜாஸ்தியா சாப்ட்டாரு" என்று சொன்னதுதான் தாமதம், நோட்டோடு ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார். மாத்திரை என்றாலே அவர்களுக்கு ஒரே அர்த்தம்.

"புருஷன் பொண்டாட்டி சண்டையாம்மா?"

"சண்டை இல்ல சார், பல்லு வலி."

"எல்லாரும் இப்டித்தான் ஏதாவது சொல்றாங்க."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. வீட்டுக்காரரை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைப் பிடித்து, "வாயத் தொறந்து காட்டுயா!" என்று கத்தினேன். அவர் வாயைத் திறந்தார். ஈறு வீங்கி, அந்தப் பல் கறுத்துப் போயிருந்தது. போலீஸ்காரர் குனிந்து பார்த்தார், மூக்கைச் சுளித்தார், 'பல் வலிக்காகத் தவறுதலாக' என்று எழுதிக்கொண்டு போனார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி அது. போலீஸ் எழுதியது எங்கள் மீனவர் குப்பத்தில் மட்டும் செல்லுபடியாகவில்லை. என் வாய்க்குப் பயந்துதான் மனிதர் மாத்திரை போட்டுக்கொண்டார் என்று பாதித் தெரு சாயந்திரத்துக்குள் முடிவு கட்டிவிட்டது.

டியூட்டியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். இளம் வயது, வேகமான பேச்சு. குடிப்பாரா என்று கேட்டார். "கரைக்கு வந்தா கொஞ்சம்" என்றார் இவர். "கொஞ்சம் இல்ல டாக்டர்" என்றேன் நான். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, மாற்று மருந்தை டிரிப்ஸில் ஏற்றச் சொன்னார். நர்சிங் ஹோமில் சொன்ன அந்த வெளி லேப் டெஸ்டைப் பற்றி நான் கேட்டேன். அதை எடுக்காமல் விட்டதால் ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கு உதறல்.

"ஒரே தடவையில மொத்தமா சாப்பிட்டிருந்தா அந்த டெஸ்ட் உதவும். இவர் ரெண்டு நாளா விட்டு விட்டு சாப்பிட்டிருக்கார். இப்ப அதுல கம்மியா காட்டினாக்கூட நம்ப முடியாது. அதனால அதுக்குக் காத்திருக்காம மருந்தை ஆரம்பிச்சுட்டேன். கல்லீரல் டெஸ்ட், ரத்தம் உறையிற டெஸ்ட் ரெண்டும் இங்கயே இலவசமா எடுத்துடுவோம். அதுல தெரிஞ்சிடும்" என்றார். பிறகு, "ஆனா அந்தக் கவர்ல கூட என்னென்ன கலந்திருந்ததுன்னு எனக்குத் தெரியணும். கிட்னிக்கு ஆகாத மாத்திரையும் இருக்கலாம். கடைகள்ல போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார்.

வீட்டுக்காரரின் அண்ணனைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஹார்பர் கடைக்காரர் கவரைப் பார்த்ததும், "நான் குடுக்கலமா, இந்தக் கவர் எல்லா கடையிலயும் கீது" என்று கையை விரித்தார். போலீஸ் பின்னால் நிற்கிறதா என்று என் தோளைத் தாண்டிப் பார்த்தார்.

"அண்ணே, போலீசு இல்ல. டாக்டரு கேக்குறாங்க. அதே செட்டு ஒண்ணு போட்டு, ஒவ்வொண்ணுக்கும் பேரு எழுதிக் குடு. குடுக்கலன்னா உன் கடை வாசல்ல நின்னு ஊரக் கூட்டுவேன்."

கொடுத்தார். தேரடிக் கடையில் அந்த அளவுக்குப் போகவில்லை, முறைத்தது போதும். எங்கள் தெருமுனைக் கடைக்காரர் மட்டும் விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போய், அட்டைகளையே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். "பல்லு வலின்னுதாம்மா கேட்டாரு. வேற எடத்துலயும் வாங்கித் துன்றாருன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மூன்று செட்டையும் டாக்டர் மேஜையில் பரப்பினார். பேனா முனையால் ஒவ்வொரு கவரிலிருந்தும் ஒரு மாத்திரையை நகர்த்தினார். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள், ஒன்று ரோஸ். "இந்த மூணும் ஒரே மருந்து. கம்பெனிதான் வேற" என்றார். கட்டிலில் படுத்திருந்த இவர் தலையைத் தூக்கி, "கலரு வேற வேறயா இருந்திச்சே டாக்டர்!" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மீதி மாத்திரைகளில் கிட்னிக்கு ஆகாத ஒன்றைத் தனியே ஒதுக்கி வைத்து, அதற்கும் ஒரு டெஸ்ட் சேர்த்து எழுதினார் டாக்டர்.

அதற்குப் பிறகு என் வேலை ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான். காலையிலும் சாயந்திரமும் எடுத்த ரத்தத்தை எதிர்க் கட்டடத்து லேபில் கொண்டுபோய்க் கொடுத்து, சீட்டு வாங்கி வர வேண்டும். குழாய் என் கைக்குள் வெதுவெதுப்பாக இருக்கும். விழுந்து உடைந்துவிடப் போகிறதே என்று முந்தானையில் சுற்றிக்கொண்டு நடப்பேன். புதன்கிழமை கல்லீரல் எண் இருக்க வேண்டியதைவிட அதிகம். வியாழக்கிழமை அது இன்னும் ஏறிவிட்டது. "கிட்னி நல்லா இருக்கு. ரத்தம் உறையிறதும் இப்ப வரைக்கும் பரவாயில்ல. நாளைக்குத்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர். வீட்டுக்காரர் கண் மஞ்சளாகிறதா என்று நான் இமையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். "கண்ண நோண்டாதமே" என்று சலித்துக்கொண்டார்.

அன்றைக்கு அவர் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நர்சிங் ஹோம்லயே வச்சிருக்கலாம்ல மா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாலு பேருகிட்ட கேட்டிருப்பேனே."

"இங்க இருக்குறவங்க டாக்டர் இல்லியா மாமா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். ஆனால் அவர் கேட்டதைத்தான் நான் இரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். காசைப் பார்த்துத்தானே இட்டுக்கொண்டு வந்தேன்? எண் இன்னும் ஏறினால், அந்தத் தாளில் இருக்கிற கையெழுத்து என்னுடையதுதானே? இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அவ்வளவு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் லேப் சன்னலில் சீட்டைக் கொடுத்தார்கள். அதில் இருந்த இங்கிலீஷ் எழுத்து எனக்குப் பாதிதான் புரியும், ஆனால் எண் புரியும். நேற்றைய எண்ணைவிடக் கம்மி. நம்பாமல் பெயரைப் பார்த்தேன், வயதைப் பார்த்தேன், சன்னலில் இருந்தவரிடம் இது எங்க ஆளுதுதானா என்று இரண்டு முறை கேட்டேன். அவர் திட்டினார். அந்தத் திட்டுகூட இனித்தது. வார்டு வரைக்கும் ஓடினேன். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இறங்க ஆரம்பிச்சிடுச்சு, நாங்க எதிர்பார்த்தது இதைத்தான்" என்று சொல்லித் தோளில் தட்டினார். இவர் பசிக்கிறது என்றார். இட்லி வாங்கிக் கொடுத்தேன். வலிக்காத பக்கமாகவே மென்று ஆறு இட்லி தின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னொரு தரம் ரத்தம் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். "எவ்வளவு கட்டணும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் கட்ட வேணாம், மாத்திரை வாங்குனா பேர் கேட்டு வாங்குங்க, அது போதும்" என்றார் டாக்டர். சரி என்று தலையாட்டிவிட்டு, தட்டு டம்ளரைக் கழுவ வராந்தாவுக்கு வந்தேன். குழாயைத் திறந்தேன். அவ்வளவுதான். அப்படியே சுவரோரம் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டேன். நான்கு நாளாக எல்லோரிடமும் சண்டை போட்டு நின்றவள், ஒரு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாயில் முந்தானையை அடைத்து அழுதேன்.

அடுத்த வார்டில் அப்பாவைச் சேர்த்திருந்த ஒரு பெண் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள். "எத்தினி புள்ளைங்கமா உனக்கு?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வியின் காரணம்கூடப் புரியவில்லை. "காசுக்குப் பார்த்துத்தான்கா இங்க இட்டாந்தேன். கையெழுத்துப் போட்டு இட்டாந்தேன். நான்தான் இட்டாந்தேன்" என்று அவள் தோளிலேயே சொல்லிச் சொல்லி அழுதேன்.

"அழாதமா, நம்ம கையில இன்னா கீது" என்று என் முதுகைத் தடவினாள்.

"இன்னாமே, நான் குத்துக்கல்லாட்டம் நிக்கறேன், யாருக்கு இந்த ஒப்பாரி?"

நிமிர்ந்து பார்த்தால் லுங்கியைப் பிடித்துக்கொண்டு இவர் நிற்கிறார். அந்தப் பெண் பதறிப்போய் என்னை விட்டுவிட்டு எழுந்தாள். நான் சொன்னதையெல்லாம் அவர் கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. மெல்லச் சுவரைப் பிடித்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். 

"அந்த நர்சிங் ஹோம்ல துண்டுச் சீட்டை நானும்தான் எட்டிப் பாத்தேன். ஒங்கையப் புடிச்சேன் பாரு, எதுக்குன்னு நெனச்ச? என்னை இங்கேந்து இஸ்துகினு போயிடு மேன்னு சொல்லத்தான் புடிச்சேன். அதுக்குள்ள வாந்தி வந்துட்ச்சு."

அவர் கையைப் பிடித்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. விட்டுவிடாதே, இங்கேயே காப்பாற்று என்று கெஞ்சுகிறார் என்றுதான் நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இத மொத நாளே சொல்றதுக்கு இன்னாயா ஒனக்கு?" என்று அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். பிறகு அதே இடத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டு, அழுகை அடங்கும் வரை அவரோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.