காரை உதைக்கும் வெர்னா

காரை நிறுத்தியதும் வெர்னா ஹால்வர்சன் முதலில் செய்வது அதை உதைப்பது. நான்கு சக்கரங்களுக்குப் பின்னாலும் உறைந்து தொங்கும் பழுப்புப் பனிக்கட்டிகள் ஒவ்வொன்றாகப் பொத்தென்று விழ வேண்டும். பிறகுதான் கழிப்பறை, காபி எல்லாம். அதே பூட்ஸால் வீட்டுக் கதவையும் திறக்கிறார் என்பது கணவரின் புகார்.

வயது அறுபத்திரண்டு. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஒவ்வொரு பிப்ரவரியிலும், கணவாய்க்கு அப்பால் இருக்கும் ஊரில் கர்லிங் போட்டி. பனித்தளத்தில் கல்லை வழுக்கிவிட்டு ஆடும் அந்த ஆட்டத்துக்கு, தன் அணியின் மூன்று பெண்களையும் அவரே ஏற்றிச் செல்வார். ஸ்டியரிங்கை வேறு யாரும் தொடக் கூடாது. ஹீட்டர் பாதத்துக்கு மட்டும்தான். முகத்தில் சூடு பட்டால் தூக்கம் வருமாம். மலையைப் பார்த்து யாராவது பரவசப்பட்டால், "பாத்துக்கோ, பாத்துக்கோ. நான் ரோட்டப் பாக்கறேன்" என்பார். ஆனால் தேவதாரு மரங்கள் பனிச்சுமையோடு ஏரிமேல் சாய்ந்து நிற்கும் வளைவில் மட்டும் வேகத்தைக் குறைப்பார். கேட்டால், "அங்க மான் குறுக்க வரும்." இதுவரை ஒரு மானும் வந்ததில்லை.

இந்த ஆண்டு கணவாய் அடிவாரத்தில் கேட் மூடியிருந்தது. சாலைமேல் தானாகச் சரிந்து விழுமுன், மேலே வெடி வைத்துப் பனியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் முதல் கார் வெர்னாவுடையது. அடுத்தது ரூத் பங்க்ராட்ஸ் அணியுடையது. மூன்று வருடமாக வெர்னாவைத் தோற்கடித்து வரும் அதே ரூத். அன்று இரண்டு மணிக்கு முதல் ஆட்டமே இவர்கள் இருவருக்கும்தான். நேரத்துக்கு வராத அணி தோற்றதாகிவிடும்.

"சுத்து வழில போயிருக்கலாம்," என்றார் பின்சீட்டில் இருந்த டோரீன், கணவரின் தங்கை.

"அதுக்கு நடந்தே போலாம். அஞ்சு நிமிஷத்துல தொறப்பான் பாரு."

"இதையேதான் அரை மணியா சொல்றீங்க அண்ணி."

திறந்தார்கள். ரூத்தின் கார் நகரவில்லை. பனியே விழாத, மழை மட்டும் பெய்யும் கடற்கரை நகரத்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தவர். சரிவில் நின்றதும் கை தன்னால் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டது. நனைந்திருந்த பிரேக் அப்படியே உறைந்து பின்சக்கரங்களைக் கவ்விக்கொண்டது. மலையில் வளர்ந்த யாரும் குளிர்காலத்தில் அந்தப் பிடியைத் தொட மாட்டார்கள்.

வெர்னா ஜன்னலை இறக்கினார். "மழை ஊர்ல போய் உக்காந்தா இப்படித்தான். மூளை நமத்துப் போச்சு!"

"பேசாம போடி. உனக்குத்தான் இன்னைக்கு கொண்டாட்டமே," என்றார் ரூத்.

டோரீன் குரலைத் தாழ்த்தினார். "கெளம்புங்க அண்ணி. அவங்க லேட்டானா நாம சும்மாவே ஜெயிச்சிடுவோம்."

"அதச் சொல்லிக்கிட்டு ஊருக்குள்ள எப்படிடி திரியறது?" வெர்னா காரை ஓரங்கட்டினார். "அந்தச் சுத்தியல எடு."

மற்ற வண்டிகள் சுற்றிக்கொண்டு மேலேறின. ஆட்டத்துக்கென்று இஸ்திரி போட்ட கறுப்புக் கால்சட்டையோடு வெர்னா பனிச்சேற்றில் படுத்து, சக்கரத்தின் உட்புறம் ஓங்கித் தட்டினார். எழுந்து விலகி நின்று, "இப்ப முன்ன பின்ன ஆட்டு. மெதுவா! நீ கல்லு விடற மாதிரி இல்ல," என்றார். ஒரு சக்கரம் விட்டது. மற்றது பிடிவாதம் பிடித்தது.

"இப்ப கெளம்பலன்னா நாமளும் போச்சு அண்ணி!"

"வாய மூடிட்டு டார்ச்ச நேரா புடி."

மறுபடி படுத்தார். நாலு அடி. டக்கென்று அதுவும் விட்டது. ரூத் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஒண்ணும் சொல்லாத. சாயங்காலம் தோத்துட்டு அழாம இரு, அது போதும்."

வெர்னாவின் கார் விர்ரென்று ஏறியது. முதல் வளைவு தாண்டியதும் கண்ணாடியில் பின்னால் வெறும் வெள்ளைச் சாலை. அவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். டோரீன் மணியைப் பார்த்தார். பாறைமுனையைச் சுற்றி ரூத் காரின் இரண்டு மஞ்சள் விளக்குகள் கண்ணாடியில் தெரிந்தபிறகுதான் வெர்னாவின் கால் மீண்டும் அழுந்தியது.