பச்சை விளக்கு எரிந்தும் நான் மறுத்தேன்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கை நான் கவனித்துக்கொள்கிறேன். அங்கே கம்ப்யூட்டர்களுக்கிடையே தகவலைக் கடத்தும் மூன்று ஸ்விட்சுகள் ஒன்றாக இணைக்கப்பட்டு ஒரே கருவிபோல் இயங்குகின்றன. ஒன்று தலைமை, மற்ற இரண்டும் அது சொல்வதைக் கேட்கும்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மதியம் மின்சாரம் போய் வந்தது. ஸ்விட்சுகளில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தும், ரத்தப் பரிசோதனை முடிவுகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்ச் சேரவில்லை. மூன்றில் அண்மையில் மாட்டிய புது ஸ்விட்ச் முதலில் எழுந்து தலைமையைப் பிடித்திருந்தது. அதில் எங்கள் செட்டிங் எதையும் யாரும் பதிந்திருக்கவில்லை.

அதை விற்றவர் போனில், "பச்சை எரியுதுல்ல மேடம்? அப்படியே சேவ் பண்ணி ரீஸ்டார்ட் குடுங்க" என்றார்.

"மாட்டேன் சார். சேவ் பண்ணா மத்த ரெண்டுலயும் இருக்கிற செட்டிங் அழிஞ்சிடும்."

பக்கத்தில் நின்ற மேலாளர் கத்தினார். "அவர் சொல்றதைச் செய்ம்மா!"

"லேப் ஆளுங்களை ரிசல்ட்டைக் கையில எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க சார். நான் சொல்ற வரைக்கும் யாரும் இதைத் தொடக் கூடாது."

மூன்றையும் அணைத்தேன். பழைய தலைமை ஸ்விட்சை மட்டும் போட்டேன். அது முழுதாக எழுந்த பிறகே மற்றவற்றைப் போட்டேன். சற்று நேரத்தில் முடிவுகள் திரையில் வரத் தொடங்கின.

எது தலைமை என்பதை அன்றே மாறாதபடி பதிந்துவிட்டேன். இப்போதெல்லாம் ஒரு ஸ்விட்சை மாற்றினால், எல்லோரிடமும் சொல்லிவிட்டு நானே ஸ்விட்சுகளின் மின்சாரத்தை நிறுத்தி, சரியான தலைமை எழுகிறதா என்று சோதிக்கிறேன். மேலாளர் முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும், நிறுத்திப் பார்க்காமல் நான் நகர்வதில்லை.