மஞ்சள் சட்டைக்கு வெயில்

அவள் தேவாலயத்துத் துணிகளை வெளுப்பவள். நீலம் போட்டுப் போட்டு விரல்களே நீலமாகிவிட்டதால் தெருவுக்கெல்லாம் நீலக்கா. கணவனைப் போர் கொண்டுபோனது. பிள்ளை இல்லை.

ஓர் இனத்தையே வீடு வீடாகத் தேடிப் பிடித்துப்போன காலம் அது. தப்பி வந்தவர்களைப் பாதிரியார் மணிக்கூண்டில் ஒளித்து வைத்திருந்தார்.

"அவங்க துணியை மேலேயே காயப்போடும்மா. வெளியில ஒரு நூல்கூடத் தெரியக் கூடாது" என்றிருந்தார்.

நீலக்கா அப்படியே செய்துவந்தாள். ஆனால் அந்த மஞ்சள் சட்டை! மேலே தாயோடு இருந்த சின்னப் பெண்ணுடையது. வெயிலே படாமல் ஈரவாடை ஏறிப்போயிருந்தது. குழந்தையைத் தன் துவைக்கும் அறைக்குத் தூக்கி வந்து குளிப்பாட்டத் தொட்டியில் உட்கார வைத்த அன்று, அவளுக்கு மனசு கேட்கவில்லை. முற்றத்துக் கொடியில், பீடத்து விரிப்புகளுக்கு நடுவே சட்டையை மாட்டினாள். விரிப்புகள் மேகங்களாக எழுந்து தாழ்ந்தன. நடுவில் விடியலின் ஒரு துளி. கனவில் நிற்பவள்போல அதையே பார்த்து நின்றாள்.

"இது யாரோடது?"

அதிகாரி ஒருவன், துப்பாக்கிக்காரர்களோடு. பாதிரியார் ஓடிவந்தார். முகம் விரிப்பைவிட வெளுத்திருந்தது. "ஐயா, குற்றம் என்னோடது..."

"நீங்க சும்மா இருங்க சாமி!" நீலக்கா குறுக்கே பாய்ந்தாள். "கோயில் துணியோட என் பிள்ளை சட்டையைப் போட்டது தப்புதான். அதுக்குப் போய் நீங்க ஆபீசர்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமா?"

உள்ளே ஓடி, நுரை சொட்டச் சொட்டக் குழந்தையை அள்ளி வந்தாள். அது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகம் புதைத்தது.

கோயிலுக்கு ரொட்டி கொடுக்க வந்து, கூடையோடு வாசலில் நின்ற கடைக்காரரை அதிகாரி பார்த்தான். "இவளுக்குப் பிள்ளை உண்டா?"

நீலக்கா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். தினமும் அவளோடு மல்லுக்கு நிற்கும் மனிதர் அவர்.

"உண்டாவா? ராப்பகலா ஒரே அழுகை! தெருவுல எவன் கண்ணு மூடினான்? நீங்களே தூக்கிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்!"

அதிகாரி சிரித்துவிட்டான். பூட்ஸ் ஓசை தேய்ந்து மறைந்தது. பாதிரியார் அப்படியே மண்டியிட்டார்.

அன்றிலிருந்து குழந்தை ஊரறிய நீலக்காவின் பிள்ளையாக அவளோடேயே இருந்தது. போர் முடிந்த காலையில் அதைத் தாயின் கையில் கொடுத்தாள் நீலக்கா. கழுத்திலிருந்து அந்தச் சின்னக் கைகளைப் பிரித்தெடுக்க அவளுக்குத்தான் தெம்பில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலே இருந்தவர்களின் துணிகளையெல்லாம் துவைத்து முற்றம் நிறைய வெயிலில் விரித்தாள்.

கடைக்காரர் வாய்பிளந்தார். "அடேயப்பா, இத்தனை பேரா!"

"பின்னே? அத்தனை ரொட்டியும் சாமி ஒருத்தரே தின்னாருன்னா நெனச்சீங்க?"

"நல்லாச் சாப்பிடற மனுஷன்னு நெனச்சேன்" என்றார் அவர், சிரிக்காமல்.

கொடியில் மஞ்சள் சட்டை இல்லை. அதைப் போட்டுக்கொண்டு ஒரு குழந்தை துணிகளுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தது.