இரண்டு கட்டை கீழே

என் நீள நோட்டில் இதுவரை பதினேழு ஆல்பங்களின் விவரம் எழுதியிருக்கிறேன். பதினேழும் ஒரே குழுவின் பாட்டுகள். ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட அந்தக் குழு பாடவில்லை. மற்றவர்கள் எடுத்துத் தங்கள் விதத்தில் பாடியவை. ட்ரிப்யூட் ஆல்பம் என்பார்கள். "உயிரோட நல்லா இருக்கிறவங்களுக்கு எதுக்குடா அஞ்சலி?" என்பான் என் நண்பன்.

குழு இங்கிலாந்தைச் சேர்ந்தது. சிந்தசைசர் முன்னால் இரண்டு ஆண்கள், பாடுவதற்கு ஒரு பெண். கிட்டார் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. நாங்கள் பள்ளியில் படிக்கும்போது நண்பனின் அண்ணன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த கேசட்டில்தான் முதலில் கேட்டோம். நண்பன் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டவை. அவர்கள் வீட்டில் டேப்பைப் போட்டால் எங்கள் வீட்டில் படிப்பு நின்றுவிடும். மோட்டார் பம்பு ஷெட்டுக்குள் நின்று யாரோ ஒரு பெண் அழகாகப் பாடுவதுபோல இருந்தது. அந்த அபிப்பிராயத்தை நான் இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.

நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஆறு பத்திகள் கோடு போட்டு வைத்திருக்கிறேன்: பாடியவர், கருவிகள், நீளம், சுருதி, மூலத்திலிருந்து என்ன மாற்றம், என் கருத்து. கருத்து ஒரு வரிக்கு மேல் போகக்கூடாது என்பது நானே வைத்த விதி. மெடிக்கல் காலேஜ் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன், பத்திக்குள் எழுதிப் பழகியவன். புரட்டிப் பார்க்கும்போது சில வரிகள் எனக்கே பிடித்திருக்கின்றன. "மெஷினைப் போலவே வாசித்திருக்கிறார்கள். அதற்கு மெஷினே போதுமே." "பித்தளை வாத்தியங்கள். கல்யாண ஊர்வலம் போல இருக்கிறது, குறையாகச் சொல்லவில்லை." "பெண்கள் குவயர். பாட்டின் அர்த்தம் இன்றுதான் புரிந்தது." ஒருவர் ஒரு பாட்டு முழுவதையும் விசிலடித்தே முடித்திருக்கிறார். அவருக்குக் கருத்துப் பத்தியில் ஒரு ஆச்சரியக்குறி மட்டும் போட்டிருக்கிறேன்.

இத்தனை கேட்ட பிறகு எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பாட்டுகளைக் கேட்டவர்கள் மெஷின் சத்தத்தில் மயங்கினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியென்றால் மெஷினை எடுத்துவிட்டால் பாட்டு விழுந்துவிட வேண்டும். விழவில்லை. நாலு வயலினில் நிற்கிறது, ஒரு விசிலில் நிற்கிறது. விழுந்தவை எல்லாம் மூலத்தைப் போலவே இருக்கவேண்டும் என்று பயந்து பயந்து செய்தவைதான்.

பதினேழாவது ஆல்பத்தில் பதினோராவது பாட்டு எங்களுடையது. அதைப் பாடியது என் மனைவி.

அவள் எங்கள் லுத்தரன் சபையின் பாடகர் குழுவான குவயரில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆல்டோ, பெண்களின் கீழ்க்குரல், பாடியவள். நான் பேஸ், ஆண்களின் அடிக்குரல். இரண்டு வருஷம் முன்னால் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. பேச்சுக்குக் குறையில்லை, ஆனால் மேல் சுரங்கள் போய்விட்டன. எட்டிப் பிடிக்கப் போனால் குரல் காற்றாகிவிடும். ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையின் நடுவே பாட்டு ஷீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். அதற்குப் பிறகு ஆராதனைக்கு வருவாள், பெண்கள் பக்கம் ஆறாவது பெஞ்சில் உட்காருவாள், ஞானப்பாட்டுக்கு வாயை மட்டும் அசைப்பாள். வீட்டில் முணுமுணுப்பதுகூட நின்றுபோயிற்று.

குழுவின் ரசிகர்கள் இணையத்தில் ஒரு புதிய ட்ரிப்யூட் ஆல்பத்துக்குப் பாட்டு கேட்டிருந்தார்கள். எந்த ஊர்க்காரர்களும் அனுப்பலாம். நண்பன் அதைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தான். அவனும் பத்து வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பி, தஞ்சாவூரில் குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கிறான்.

"தங்கச்சி, நீ பாடுறே," என்றான்.

"எனக்கு எங்கண்ணே குரல் இருக்கு?"

"இப்ப பேசினியே, அது என்ன?"

"பேசுறதும் பாடுறதும் ஒண்ணா?"

"அந்த இங்கிலாந்துக்காரங்க மட்டும் என்னவாம், பாதி நேரம் பேசிக்கிட்டுதான் இருக்கு அந்தப் பொண்ணு. எங்க அண்ணன் கேசட் தேய்ஞ்சதே அந்தப் பேச்சைக் கேட்டுத்தான்."

அவள் சிரித்தாள். சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை சட்னி அரைக்கும்போது அந்தப் பாட்டின் வரிகளை எழுதித் தரச் சொன்னாள். தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

கீபோர்டுக்கு எங்கள் குவயரில் வாசிப்பவரையே கேட்டோம். பள்ளியில் கணக்கு வாத்தியார். எந்தப் பாட்டானாலும் வெள்ளைக் கட்டைகளில், ஒரு கட்டை சுருதியில்தான் விரல் வைப்பார். பாடுபவருக்குச் சுருதி ஏற வேண்டுமா, இறங்க வேண்டுமா, டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி எண்ணை மாற்றிவிடுவார். விரல் அதே இடத்தில் போகும், சத்தம் மட்டும் ஏறும் இறங்கும். எங்கள் பக்கம் கீபோர்டு வாசிப்பவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். நாங்கள் எடுத்த பாட்டு மூலத்திலேயே ஒரு கட்டைதான். "அப்ப டிரான்ஸ்போஸ் வேலையே இல்லைண்ணே, நேரா அடிச்சிடலாம்," என்றார்.

பதிவு செய்ய இடம் வேண்டும். எங்கள் வீட்டுக்கு முன்னால் பஸ் போகிறது. சபை மண்டபத்துக்குப் பக்கத்து வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் நண்பனின் கோடவுன்தான் வாய்த்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக் கடையை மூடினால் நாலு மணிக்குத்தான் திறப்பான். மூன்று பக்கமும் அட்டைப்பெட்டி, நடுவில் வரிசையாக வாஷ்பேசின்கள், கம்மோடுகள்.

"இதுக்கு நடுவுல நின்னா பாடணும்?" என்றாள் மனைவி.

"பாத்ரூம்ல பாடாத ஆளு உலகத்துல உண்டா தங்கச்சி?"

"பாடுவாங்கண்ணே. பொருத்தினதுக்கப்புறம் பாடுவாங்க."

வாத்தியார் சபை கீபோர்டை ஒரு கம்மோடு பெட்டியின்மேல் வைத்து வாசித்தார். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். நண்பன் ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி கதவுக்குக் காவல் நின்றான். முதல் தடவை அவள் இரண்டாம் வரியில் நிறுத்தினாள். இரண்டாம் தடவை நிற்கவில்லை. பாட்டில் ஓர் ஏற்றம் வரும், அங்கே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் சாதாரணமாக ஏறி, அங்கேயே கொஞ்சம் நின்று, இறங்கினாள். பாடி முடித்ததும் நான் ஹெட்போனைக் கழற்றினேன். நண்பன் கதவிலிருந்தே சொன்னான்: "மூணாவது தடவை எதுக்கு? ஃபேனைப் போடு."

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் வலங்கைமானில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டாள். "வந்துடுச்சுக்கா. மேல போறது வந்துடுச்சு. நாளைக்குச் சாயங்காலம் ஈஸ்டர் பாட்டு ஒத்திகை இருக்கு, ஆல்டோவுக்குப் போயிடப்போறேன்." நான் டைரியில் அந்த வார்த்தைகளை அப்படியே எழுதி வைத்தேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் பாடிக்கொண்டே ரசம் வைத்தாள்.

சனிக்கிழமை காலை, பதிவை நோட்டில் ஏற்ற உட்கார்ந்தேன். பாடியவர், கருவிகள், நீளம். நாலாவது பத்தி சுருதி. மூலத்தை ஒரு தடவை போட்டுவிட்டு எங்களுடையதைப் போட்டேன். இரண்டும் ஒட்டவில்லை. போனில் சுருதி பார்க்கும் செயலியை வைத்துப் பார்த்தேன். எங்களுடையது இரண்டு கட்டை கீழே இருந்தது. மறுபடி பார்த்தேன். மூன்றாம் தடவையும் அதேதான்.

வாத்தியாரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணே, வியாழக்கிழமை ஆண்கள் ஐக்கியத்தோட, ஈஸ்டருக்கு முந்தின லெந்து கூட்டம். அவங்களுக்காக இறக்கி வச்சிருந்தேன். ஆஃப் பண்ணினாலும் அது அப்படியே நிக்கும்ணே. நேத்து டிரான்ஸ்போஸ் வேண்டாம்னதால நான் அந்தப் பொத்தானையே பார்க்கலை."

"காதுல தெரியலையா?"

"எனக்கா? நான் அடிக்கிறது ஒண்ணு, கேக்கிறது ஒண்ணுன்னு பதினஞ்சு வருஷமா வாழ்றேன். உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

எனக்கும் தெரியவில்லைதான். அவள் பாடுகிறாள் என்பதைத் தவிர வேறொன்றையும் நான் கேட்கவில்லை.

ஒத்திகை ஐந்து மணிக்கு. அவள் ஆல்டோ ஷீட்டைத் தேடி எடுத்து, ஓரம் கிழிந்த இடத்தில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஈஸ்டர் பாட்டில் ஆல்டோவுக்கு ஓர் இடம் உண்டு, பழைய குரலே அங்கே சிரமப்படும். சொல்லாமல் விட்டால் எல்லார் முன்னாலும் அந்த இடத்தில் மறுபடி காற்றுதான் வரும். சொன்னால் அந்த ஷீட் திரும்பவும் பைக்குள் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. பதினோரு மணிக்குச் சொல்ல நினைத்தேன், தண்ணீர் லாரி வந்தது. இரண்டு மணிக்குச் சொல்ல நினைத்தேன், அவள் தூங்கிவிட்டாள். மூன்றரைக்குக் காப்பியோடு சொன்னேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு?"

"ரெண்டு கட்டை."

"காலையிலேயே தெரியுமா உங்களுக்கு?"

"ஒன்பதரைக்கு."

"ஒன்பதரைன்னு குறிச்சு வேற வச்சிருப்பீங்க." எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். நான் டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தேன். திரும்பாமலேயே, "அந்தப் பதிவைப் போடுங்க," என்றாள்.

போட்டேன். ஏற்றம் வரும் இடத்தில் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டாள். முடிந்ததும், "இன்னொரு தடவை," என்றாள். போட்டேன்.

"நல்லாத்தானே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு. பொய் சொல்லலை. கருத்துப் பத்தியில..."

"உங்க பத்தியெல்லாம் இருக்கட்டும். வாத்தியார் மறுபடி எடுக்கணும்னாரா?"

"ஆமா. சரியான சுருதியில."

"வேண்டாம். இது எனக்குச் சரியான சுருதிதான். இதையே அனுப்புங்க." புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "ஈஸ்டர் பாட்டுல டெனர் ஷீட் உங்ககிட்ட இருக்கா?"

டெனர் என்பது ஆல்டோவுக்குக் கீழே, ஆண்கள் பாடும் பாகம். எல்லாக் குரலுக்கும் ஒரு பிரதி வைத்திருப்பவன் நான். எடுத்துக் கொடுத்தேன். நாலரை வரை அதை மேசைமேல் விரித்து, வாய்க்குள்ளேயே பாடிப் பார்த்தாள். நான் நாளிதழைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒரு வரியும் படிக்கவில்லை.

எங்கள் குவயர் மாஸ்டர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நேரத்தில் கறாரான மனிதர். ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"டெனர்லயா? டெனர்ல பொம்பளைங்க நிக்கிற வழக்கம் நம்ம சபையில இல்லையேம்மா."

"வழக்கம் இல்லைங்கிறீங்களா, கூடாதுங்கிறீங்களா சார்?"

"கூடாதுன்னு எங்கயும் எழுதி வைக்கலை."

"அப்ப பாடிக் காட்டறேன். சரியில்லைன்னா என் பெஞ்சு இருக்கு, போய் உட்கார்ந்துக்கிறேன்."

டெனரில் மொத்தமே இரண்டு பேர். அதில் ஒருவர் பாதி ஞாயிறுகளில் டியூட்டி என்று வரமாட்டார். அவர்தான் சொன்னார்: "அக்கா வந்தா எனக்கு நடுவுல மூச்சு விடவாவது நேரம் கிடைக்கும் சார்."

வாத்தியார் கீபோர்டில் சுருதி கொடுத்தார். கொடுப்பதற்கு முன் குனிந்து டிரான்ஸ்போஸ் எண்ணைப் பார்த்தார், நிமிர்ந்து என்னையும் பார்த்தார். அவள் டெனர் பாகத்தின் முதல் பக்கத்தை ஷீட்டைப் பார்க்காமலேயே பாடினாள். இரண்டாம் பக்கத்துக்குப் போகும்போது மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"மூணாவது வரியில அவசரப்படுறீங்க," என்றார். பிறகு டெனர் பக்கம் திரும்பி, "என்னய்யா பார்த்துக்கிட்டு இருக்கீங்க? தள்ளி நில்லுங்க. ஆளு வந்திருக்காங்கல்ல."

டியூட்டிக்காரர் நாற்காலியிலிருந்த தன் ஹெல்மெட்டை எடுத்துத் தரையில் வைத்தார். டெனர் வரிசை முடியும் இடத்தில்தான் பேஸ் வரிசை தொடங்குகிறது, நான் அதில் முதல் ஆள். இருபத்தைந்து வருஷமாகக் குவயரில் அவளை எதிர்ப்பக்கத்தில்தான் பார்த்திருக்கிறேன். இப்போது என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மாஸ்டர் கையை உயர்த்தினார்.

"என் ஷீட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க," என்றாள் மெதுவாக. "கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்."