போனில் கேட்ட குக்கர் விசில்

என் அம்மா யாரையும் எளிதில் நம்ப மாட்டாள். கேஸ் சிலிண்டரை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். பிராக்ரஸ் கார்டில் நான் மார்க்கைத் திருத்தியிருக்கிறேனா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஆரம்பாக்கத்தில் வருடத்துக்குப் பத்து மாதம் தனியாக, இரண்டு மாதம் ஒரு விருந்தாளியோடு என்று பதினாறு வருடம் குடித்தனம் நடத்தியவள் வேறு எப்படி இருப்பாள்? அந்த விருந்தாளி, பட்டாளத்தில் இருந்த என் நைனா.

நான் பிளஸ் ஒன் சேர்ந்த வருடம் நைனா போனில் சொன்னார்: “பீஸ் போஸ்டிங் கெடச்சிட்ச்சி.”

பட்டாளத்துக்காரர் வீடுகளில் ‘ஃபீல்டு’ என்றால் எல்லை. குடும்பம் கூடப் போக முடியாது. ‘பீஸ்’ என்றால் ஏதாவதொரு ஊர், குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், எல்லாம் உண்டு. அம்மா அன்றைக்கே கறுப்பு டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தாள். மூன்று மாதமாகியும் பெட்டி காலியாகவே கிடந்தது. “குவார்ட்டர்ஸ் லிஸ்ட்ல பேரு கீது, வரும் வரும்” என்பதே ஞாயிறுதோறும் பதில். கடித உறையிலும் ஊர்ப்பெயர் இருக்காது. ஒரு நம்பரும், பட்டாளத் தபாலாபீஸைக் குறிக்கும் ஏ.பி.ஓ. என்ற மூன்றெழுத்தும்தான்.

தொழிற்பேட்டையில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் வாசலில் நின்று கேட்பாள்: “இன்னாக்கா, பெட்டி இன்னும் ரயிலேறலியா? அங்க வேற யார்னா பெட்டிய எறக்கிட்டாங்களா?”

அம்மா சிரித்துவிட்டு உள்ளே வருவாள். வந்தபின் சிரிப்பு இருக்காது.

அடுத்த ஞாயிறு ரிசீவரை நடுவில் வைத்து நானும் அம்மாவும் ஆளுக்கொரு காதைக் கொடுத்தோம். நைனா பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ‘உஸ்ஸ்ஸ்’ என்று ஒரு குக்கர் விசில்.

அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நூறு பேருக்கு அண்டாவுல சோறு வடிக்கிற பட்டாளத்து மெஸ்ஸுல குக்கரு இன்னாத்துக்குடி?”

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் விசாரணைதான். அம்மா கேட்டால் பதில் உடனே வராது. ஒரு நொடி இடைவெளி விழும். “பாத்தியா, யோசிச்சி யோசிச்சி சொல்றாரு” என்பாள். நைனா நான்கு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குவார். “யாருக்கோ தெரியாம ஓடியாந்து பேசறாரு.” ஒருநாள் இரண்டு விசில் கேட்டது. அன்று அம்மா சாப்பிடவில்லை. நான் நைனாவிடம் பேச மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அங்கே யாரோ ஒருத்தி அவருக்குச் சமைத்துப் போடுகிறாள் என்று நானும் முழுதாக நம்பிவிட்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்கு மனதுக்குள் ஒரு மூக்குத்திகூடப் போட்டு வைத்திருந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் என் பள்ளி. ஒரு புதன்கிழமை இயற்பியல் மிஸ் காற்றழுத்தம் நடத்தினார். உயரமான மலையில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், பாத்திரத்தில் எவ்வளவு கொதித்தாலும் அரிசி சரியாக வேகாது, குக்கர்தான் வழி. என்னால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. இடைவேளையில் மிஸ்ஸைப் பிடித்து போன் விஷயத்தையும் கேட்டேன். சாட்டிலைட் வழியாக வந்தால் குரல் தாமதமாகத்தான் வரும் என்றார்.

ரயிலிலிருந்து இறங்கி வீடுவரை ஓடினேன். அம்மா வாசலில் நெல்லைக் காயவைத்துக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, பொம்பளையும் இல்ல ஒண்ணும் இல்ல! மலை மேல குக்கரு இல்லாம சோறு வேகாது! அங்க காத்தே கம்மி, அதான் மூச்சு வாங்குது! போனு சாட்டிலைட்டு, அதான் லேட்டு! நைனா ரொம்ப ஒசரத்துல கீறாரு!”

கணக்கை முடித்துக் கோடு போட்டதுபோல் நின்றேன். அம்மாவின் கால் நெல்லுக்குள் அப்படியே நின்றுவிட்டது.

“அப்போ பீஸ் இல்லியா?” என்றாள்.

அப்போதுதான் நான் எதை நிரூபித்திருக்கிறேன் என்று எனக்கே புரிந்தது. பனி, எல்லை, காற்றில்லாத உயரம். எங்களைத் தூங்கவைக்க அவர் சொன்ன ஒரே பொய்யை நான் ஓடிவந்து உடைத்திருந்தேன்.

அம்மா காலில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிவிட்டாள். “அதுக்கு ஒருத்திய வெச்சிக்கினு இருந்தாலே தேவலாம்டி.”

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வழக்கம்போல் எட்டிப் பார்த்தாள். “இன்னாக்கா, எறங்கிட்ச்சா பெட்டி?”

“எறங்கினா எறங்கட்டும் போ. நல்லா ஆக்கிப் போட்டா சரி” என்றாள் அம்மா. அக்கா நகர்ந்ததும் என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னாள்: “மலைன்னு வெளிய வாயத் தொறந்தே, பல்லு இருக்காது.”

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. நான் காதை ஒட்டிவைத்தேன். குவார்ட்டர்ஸ் லிஸ்டைப் பற்றி நைனா ஆரம்பித்தார். பின்னால் விசில்.

“எத்தினி விசிலு வெக்கிறாங்க?” என்றாள் அம்மா.

வழக்கமான இடைவெளி விழுந்தது.

“பொண்ணு சயின்ஸ் குரூப்புதான எடுத்துக்கீது?” என்றார் நைனா.

“ஆமா.”

“தெரியாம சேத்து வுட்டேன்.”

அம்மா சிரித்தாள். பிறகு ரிசீவரை என் காதிலிருந்து பிடுங்கித் தன் காதோடு அழுத்திக்கொண்டாள். “குல்லாவக் கயட்டாத. காதுவரைக்கும் இஸ்து வுடு” என்று அவள் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. அன்று மாலை அவள் கம்பளி நூல் வாங்கிவந்து டிரங்குப் பெட்டியில் போட்டாள். சென்னைப் பக்கத்து வெயிலில், யாருக்கு என்று கடைக்காரர் கேட்டாராம். அம்மா காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாளாம்.